விண்கலத்தில் ஓர் இருமல்

எனக்குச் சம்பளம் கொடுப்பதே சந்தேகப்படத்தான். சென்னையில் ஒரு சின்ன கம்பெனி கம்ப்யூட்டர் விளையாட்டுகள் தயாரிக்கிறது. அரைகுறையாக முடித்த விளையாட்டை எனக்கு அனுப்புவார்கள். நான் காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து அதை ஆடிப் பார்த்து, எந்தக் கதவு திறக்கவில்லை, எந்தச் சுவருக்குள் கால் புகுந்துவிடுகிறது, எங்கே பயம் வருகிறது, எங்கே கொட்டாவி வருகிறது என்று எழுதி அனுப்ப வேண்டும். தெருவில் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால் அம்மா, "கம்ப்யூட்டர்ல தப்பு கண்டுபுடிக்கிற வேலை" என்பாள். கேட்டவர் நகர்ந்ததும், "அது அவளுக்குப் பொறந்ததுலேர்ந்தே வரும்" என்று என் காதில் விழும்படி சேர்த்துக்கொள்வாள்.

வளர்ந்த ஊரும் அதற்குத் தோதான ஊர்தான். பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களிடம் "நேரா தறிக்காரங்க வீட்டுக்கே இட்டுக்கினு போறேன் வாங்கம்மா" என்று பல்லை இளித்து, கமிஷன் தருகிற கடைக்குள் தள்ளிவிடுகிற புரோக்கர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். கல்யாணச் சேலை எடுக்க வருகிற அம்மாக்கள் சரிகையை நகத்தால் சுரண்டுவார்கள். முந்தியைத் திருப்பிப் பார்ப்பார்கள். ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டி, பட்டுதானா என்று முகர்ந்தும் பார்ப்பார்கள். கடைக்காரரும் கோபித்துக்கொள்ள மாட்டார், தீப்பெட்டியை அவரே எடுத்துக் கொடுப்பார். இந்த ஊரில் நம்பாமல் இருப்பது ஒரு மரியாதை. அதனால் ஒரு விளையாட்டு என்னைப் பயமுறுத்தப் பார்க்கிறது என்றால், முதலில் அதைத் திருப்பிப் பார்த்துச் சுரண்டத்தான் எனக்குத் தோன்றும்.

எங்கள் வீட்டில் கீழே தறி, மேலே குடித்தனம். அப்பாவுடையது குழித்தறி. தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, மிதியை மிதித்து, குறுக்கு இழையைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்டி, பலகையை இழுத்து அடிக்க வேண்டும். போன ஆடி மாசம் அப்பா அதில் உட்கார்ந்தபடியே மயங்கிச் சாய்ந்தார். மேலே இருந்த எங்களுக்குத் தெரிந்ததே சத்தம் நின்றதால்தான். இரத்த அழுத்தம் எகிறிக் கிடக்கிறது, மாத்திரை போட வேண்டும், இனி தறியில் உட்காரக் கூடாது என்றார் டாக்டர். அப்பா மாத்திரையை ஒத்துக்கொண்டார். "சும்மா உக்காந்தாதான் சார் எனக்கு மயக்கம் வரும்" என்று டாக்டரிடமே சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

அம்மாவுக்கு மூட்டு வலி. படி இறங்கினால் ஏறுவதற்குள் உயிர் போய்விடும். அதனால் அவள் காதாலேயே காவல் காக்க ஆரம்பித்தாள். தறி ஓடினால் அப்பா நன்றாக இருக்கிறார். நின்றால் மிக்ஸியை அணைத்துவிட்டு, "இன்னாங்க?" என்று கூவுவாள். "இழை அறுந்துச்சு!" என்று கீழேயிருந்து பதில் வரும். மறுபடி டக்கு டக்கென்று ஆரம்பித்ததும்தான் மிக்ஸி ஓடும். ஒரு சட்னி அரைக்க எங்கள் வீட்டில் எவ்வளவு நேரம் ஆகும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த மாத்திரையில் ஒரு தொல்லை இருந்தது. அப்பாவுக்கு வறட்டு இருமல் பிடித்துக்கொண்டது. இருமல் என்றால் தொண்டையைச் செருமுவது இல்லை. இரண்டு தரம் குத்தி, மூன்றாவதை விழுங்கிவிடுகிற ஒரு இருமல். அதற்கும் அம்மா கஷாயம் வைத்தாள், மிளகு வறுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

இந்த நேரத்தில்தான் அந்த விளையாட்டு வந்தது. பூமியை விட்டு எங்கேயோ தள்ளி, ஆள் இல்லாமல் கைவிட்ட ஒரு விண்கலம். அதற்குள் ஒருத்தி தூக்கத்திலிருந்து விழிக்கிறாள். கையில் துப்பாக்கி. கூட வந்தவர்கள் எல்லாரும் செத்துக் கிடக்கிறார்கள். அவர்களைக் கொன்ற பூதம் இன்னும் உள்ளேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவள் தப்பிக்க வேண்டும், அவ்வளவுதான் கதை. முதல் தடவை ஆடியபோது எனக்குப் பசிதான் வந்தது.

பின்னே என்ன? துப்பாக்கியைக் கொடுத்ததோடு விடாமல் அறைக்கு அறை தோட்டாவையும் வாரி இறைத்திருந்தார்கள். பை நிறையத் தோட்டா வைத்திருப்பவள் எதற்காகப் பயப்பட வேண்டும்? பூதம் வருவதற்கு முன்னால் பின்னணியில் ஒரு உறுமல் இசை. வரப்போகிறேன், வரப்போகிறேன் என்று கச்சேரி வைத்துக்கொண்டு வருகிற பூதத்துக்கு எங்கள் தெரு நாய்கூடக் குரைக்காது. விளக்கு மினுக்கினால் நாம் நடுங்க வேண்டுமாம். ட்ரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்து வீட்டில் குடியிருப்பவளிடம் வந்து சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் அறையிலேயே அந்தப் பூதத்தை முழுசாகக் காட்டிவிட்டார்கள். பல் எத்தனை, கால் எத்தனை என்று எண்ணிப் பார்க்கும்படி நின்றது. நின்று, தொம் தொம்மென்று நடந்தது. பாதாளச் சாக்கடை தோண்ட எங்கள் தெருவுக்கு வந்த இயந்திரம் இதைவிட நன்றாகப் பயமுறுத்தியது.

இதையெல்லாம் கொஞ்சம் நாசூக்காக எழுதி அனுப்பினேன். விளையாட்டைச் செய்கிற அணியின் தலைவன் என்னைவிடச் சின்னவன். என்னை அக்கா என்று கூப்பிடுவான். அன்று போனில் அழாத குறையாகப் பேசினான்.

"எதுக்குத்தான்க்கா நீங்க பயப்படுவீங்க?"

அந்த நேரம் பார்த்துக் கீழே தறி நின்றிருந்தது. அம்மா "இன்னாங்க?" என்றாள். "இழை!" என்று அப்பா கத்தினார். தறி மறுபடி ஓட ஆரம்பித்தது. நான் மூச்சு விட்டேன்.

"அக்கா, பின்னாடி இன்னா சத்தம் அது? யாரோ நடக்கற மாதிரியே இருக்குது."

"எங்கப்பா தறிப்பா."

"இரும்பு காலு, மரக் காலு மாத்தி மாத்தி வைக்கிற மாதிரி இருக்குதுக்கா. ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க, ப்ளீஸ்."

மறுநாள் காலை தறிக்குப் பக்கத்தில் போனை வைத்துப் பதிவு செய்தேன். பூதத்துக்குக் காலடி வேண்டுமாம் என்று சொன்னதும் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "என் பொழப்ப பேயாக்கிட்டியாம்மா? நல்லா இருடீ" என்றார். பதிவாகிறது என்பதற்காக இன்னும் கொஞ்சம் வேகமாகவே அடித்தார். நடுவில் ஓர் இழை அறுந்து, தறி நின்றது. முடிச்சுப் போடுகிற இடைவெளியில் அந்த இருமல் வந்தது, இரண்டு குத்து, ஒரு விழுங்கல். பிறகு தறி ஓடியது. அதை அப்படியே சென்னைக்கு அனுப்பிவிட்டேன். "எனக்கும் அனுப்புமா, எப்படி இருக்குதுன்னு கேக்கறேன்" என்றார் அப்பா. அவருக்கும் வாட்ஸப்பில் அனுப்பினேன்.

அடுத்த முறை விளையாட்டு வந்தபோது பூதம் எங்கள் தறியின் சத்தத்தில் நடந்தது. சென்னையில் அலுவலகமே அலறியதாம். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இருட்டில் டக்கு, டக்கு என்று அது நெருங்கி வருகிறது. எனக்குத் தோள் தளர்ந்தது, ஒரு நிம்மதி வந்தது. கையைத் தளர்த்தி விட்டு அப்படியே நின்றேன். அது வந்து என்னைக் கிழித்துப் போட்டது. மறுபடி ஆடினேன், மறுபடி நின்றேன், மறுபடி செத்தேன். காஞ்சிபுரத்துக்காரி மட்டும்தான் இப்படிச் சாவாள். பூதம் நடந்து வருகிற சத்தத்தைக் கேட்டு, எல்லாம் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு.

ஆனால் மூன்றாவது காரிடாரில் வேறு மாதிரி நடந்தது. அங்கே வரும்போது பதிவில் இழை அறுந்த இடம் வந்துவிட்டது. சத்தம் நின்றது. எனக்குக் கை விறைத்தது. திரையில் ஒன்றுமே இல்லை, வெறும் சுவர். நான் அந்தச் சுவரைப் பார்த்துத் தோட்டா எல்லாவற்றையும் சுட்டுத் தீர்த்தேன். நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். "இன்னாங்க?" என்று கத்தாததுதான் பாக்கி. பிறகு அந்த இருமல் வந்தது.

அன்றைக்கு எழுதினேன். நடக்கிற சத்தம் பயம் இல்லை, அது நிற்பதுதான் பயம் என்று. பூதம் நடக்கிறவரைக்கும் அதற்கு நம்மைத் தெரியாது. நின்றால் பார்த்துவிட்டது என்று பொருள். அப்படி மாற்றுங்கள், உறுமல் இசையைத் தூக்கிப் போடுங்கள், தோட்டாவைக் குறையுங்கள், பூதத்தைக் கடைசிவரை காட்டாதீர்கள். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: மூன்றாவது காரிடாரில் என் அப்பாவின் இருமல் கேட்கிறது, எடுத்துவிடவும். அவன் எல்லாவற்றையும் மாற்றினான். இருமலை மட்டும் எடுக்கவில்லை. "செமையா இருக்குதுக்கா, அது மனுசனா மிருகமான்னே தெரியல" என்றான். ஒவ்வொரு முறையும் நான் அதைத் தப்பு என்று எழுதினேன். ஒவ்வொரு முறையும் அவன் அதைத் தப்பு இல்லை என்று குறித்து என் புகாரை மூடினான்.

இதற்கிடையில் டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். பழைய மாத்திரை சிலருக்கு அப்படித்தான் இருமலைக் கிளப்பும் என்றாராம். புது மாத்திரை ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் அப்பாவின் இருமல் போன இடம் தெரியவில்லை. அம்மா அந்த டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "இதை மொதல்லயே குடுக்கறதுக்கு இன்னா வந்துச்சு அந்த ஆளுக்கு?" என்று வீட்டுக்கு வந்து திட்டவும் செய்தாள்.

பொங்கல் கழிந்து ஒரு நாள், சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால். நான் மூன்றாவது காரிடாரில் செத்துவிட்டு ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். பூதம் நடந்துகொண்டே இருந்தது. விளையாட்டு ஓடுகிறது போல என்று அதை மூடினேன். அப்போதும் நடந்தது. கீழே தறி ஓடுகிறது, அதற்கென்ன என்று தண்ணீர் குடிக்கப் போனேன். தறி நின்றது. இரண்டு குத்து, ஒரு விழுங்கல். தறி ஓடியது.

இருமலா? அதுதான் போயே போய்விட்டதே. அப்படியே நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அந்த ஒலியை நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன், எனக்குத் தெரியாதா? எந்த அடி கொஞ்சம் பிசகும், எந்த இடத்தில் நாடா லேசாக முட்டும், எல்லாம் மனப்பாடம். அதேபோலப் பிசகியது. அதேபோல முட்டியது. மறுபடி அதே இடத்தில் நின்று, அதே இருமல். வீட்டுச் செருப்பைக் கழற்றி வெறுங்காலைத் தரையில் வைத்தேன். தறி ஓடும்போது எங்கள் மாடித் தரையில் ஒரு சின்ன அதிர்வு இருக்கும், உள்ளங்காலுக்குத் தெரியும். அது இல்லை. தரை செத்துக் கிடந்தது.

நான் சந்தேகப் பிறவி. என்னவெல்லாமோ தோன்றியது. டாக்டர் நிறுத்தச் சொன்ன பீடியை மறுபடி ஆரம்பித்துவிட்டாரா? டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு அரசியல் பேசுகிறாரா? யாரிடமாவது தறியை விற்கப் பேசிக்கொண்டிருக்கிறாரா? எங்களை இப்படி ஏமாற்றிவிட்டு எங்கே போகிறார் இந்த மனுசன் என்று சுருக்கென்று கோபம் வந்தது. அம்மா அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் காதில் படாமல் படி இறங்கி, தெருவைச் சுற்றிப் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அவர் எங்கேயும் போகவில்லை. தறியிலேயே, குழிக்குள் காலை விட்டபடி உட்கார்ந்திருந்தார். காலையில் பாட்டு கேட்க நான் வாங்கிக் கொடுத்த குட்டி ஸ்பீக்கர் பலகை மேல் இருந்தது. அதிலிருந்துதான் தறி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா இடது கையை மடியில் வைத்து, வலது கையால் அதன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டிருந்தார். எதிரில் முடியப்போகிற சேலை, அரக்கு நிறம். எனக்குக் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

உள்ளே போனேன். அவர் திடுக்கிட்டு ஸ்பீக்கரைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இன்னாப்பா இது?"

"கத்தாத. மேல கேக்கும்."

"எத்தினி நாளா நடக்குது?"

"காலைல நல்லாத்தாம்மா ஓடுது. வெயில் ஏறனா இந்தக் கை என்னுது மாதிரியே இல்ல. நாடாவ புடிச்சா புடிச்ச மாதிரி தெரியல." விரலை மறுபடி மடக்கினார். "நிறுத்துனா உங்கம்மா பயந்துக்குவா. படி எறங்கி வந்துடுவா. கொஞ்ச நேரம் போனா கை சரியாயிடுது."

"சரியாயிடுதா? இப்பவே கெளம்பு, டாக்டர்கிட்ட போலாம்."

"இந்தச் சேலைய நெஞ்சு முடிச்சு அறுத்துடறேன். ரெண்டு மொழந்தான் பாக்கி."

"சேலையத் தூக்கிக் குப்பையில போடு!"

"வாயக் கழுவு. கல்யாணச் சேலை." பிறகு கெஞ்சலாக, "சனிக்கிழம போலாம். சத்தியமா வரேன். அவகிட்ட மட்டும் சொல்லாத" என்றார்.

நான் அன்றைக்கே அந்த டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் ஊரில் இல்லை, சனிக்கிழமை வருகிறார் என்றார்கள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அப்பாவிடம் சண்டை போட்டுப் பார்த்தேன். "என் உடம்பு அவருக்குத்தான் தெரியும்" என்று ஒரே பிடியாக நின்றார். மாத்திரையை என் கண்ணெதிரில் போடச் சொன்னேன். நாக்கை நீட்டிக் காட்டச் சொன்னேன். அவரும் சின்னப் பிள்ளை மாதிரி நீட்டிக் காட்டினார்.

அந்த வாரம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, இன்னொரு காதைக் கீழே வைத்திருந்தேன். காலையில் தரை அதிரும். வெயில் ஏறியதும் அதிர்வு நின்றுவிடும், சத்தம் மட்டும் ஓடும். சாப்பாடு ஆனதும் அம்மா கூப்பிடுவாள். சத்தம் நிற்கும். அப்பா படியேறி வருவார். நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். தெரிந்துவிட்டதோ என்று ஒரு பயம். அந்த இருமல் வருகிற இடத்தில், காய் நறுக்குகிற அவள் கத்தி ஒரு நொடி நிற்கிற மாதிரி இருந்தது. பிறகு நறுக்குவாள். எனக்குத்தான் எல்லாம் சந்தேகமாகத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை. வெண்டைக்காய் சாம்பார். குக்கரை இறக்கிவிட்டு அம்மா படிக்கட்டுப் பக்கம் வந்து, "வாங்க, சாப்பாடு ஆயிடுச்சு" என்றாள். சத்தம் ஓடியது. தட்டை எடுத்து வைத்தாள். சத்தம் ஓடியது. அப்பாவைச் சாப்பாட்டுக்கு அவள் இரண்டாம் தரம் கூப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. பசி பொறுக்காதவர்.

"வாங்கன்றேன்ல?"

டக்கு, டக்கு. இழை அறுந்து நின்றது. இருமல். மறுபடி டக்கு, டக்கு.

நான் எழுந்து அம்மாவைப் பார்த்தேன். அவள் கையில் கரண்டியோடு என்னைப் பார்த்தாள். அவள் கண்ணைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது, அவளுக்குத் தெரியும். என் கண்ணைப் பார்த்து அவளும் அதையே புரிந்துகொண்டிருக்க வேண்டும். அந்தச் சத்தத்தை அவர்தானே நிறுத்த வேண்டும்? அவர் ஏன் நிறுத்தவில்லை?

படியில் நான் எப்படி இறங்கினேன் என்று ஞாபகம் இல்லை. அப்பா குழியில் உட்கார்ந்தபடி, நெய்த சேலையைச் சுற்றுகிற மரத்தின் மேல் இடது பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. என்னைத் தெரிந்தது அவருக்கு. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, பேச வரவில்லை. வலது கை மட்டும் பலகையின் மேலிருந்த போனுக்காக நீண்டு, எட்டாமல் கிடந்தது. அவர் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஸ்பீக்கரில் அவர் நன்றாக இருமினார். அந்த நொடியை நான் எந்த விளையாட்டிலும் கண்டதில்லை, காணவும் வேண்டாம்.

தெருவில் போய்க் கத்தினேன். எதிரில் சரிகைக் கடை வைத்திருக்கும் பாய் சாப்பிட்ட கையோடு ஓடிவந்தார். அவரும் நானும் சேர்ந்து அப்பாவைக் குழியிலிருந்து தூக்கினோம். அதற்குள் அம்மா அத்தனை படியும் இறங்கி வந்துவிட்டாள், சுவரைப் பிடித்துக்கொண்டு. வந்தவள் அப்பாவைத் தொடவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"மொதல்ல அத நிறுத்துடி!" என்று அலறினாள்.

நிறுத்தினேன். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. பாய் தன் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்.

சரியான நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர். உயிருக்குப் பயமில்லை, பேச்சு மெல்ல வரும், கை எவ்வளவு தேறும் என்று போகப் போகத்தான் தெரியும் என்றார். அம்மாவும் நானும் வெளியே ஸ்டீல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் இன்னும் கரண்டியைக் கையிலேயே வைத்திருந்தாள். அதை வாங்கி என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"மாத்திரைய மாத்தனதுலேர்ந்து அவரு இரும்பறதே இல்லியே. அப்புறம் கீழ இரும்பறது யாரு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் தரையை மிதித்துப் பார்த்து, அடி அடியாகக் கேட்டுக் கண்டுபிடித்ததை இவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கண்டுபிடித்திருக்கிறாள். கோபமும் வந்தது.

"தெரிஞ்சும் ஏம்மா கேக்கல? நீயாவது கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நிறுத்திடுவாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நிறுத்திட்டா நான் இன்னாத்த கேட்டுக்கினு உக்காந்திருப்பேன்? அது ஓடுதுன்னா அவரு போட்டிருக்காரு. நின்னா அவரு நிறுத்தியிருக்காரு. அது போதும்னு இருந்தேன். நீயும் சனிக்கிழமைக்குன்னு டாக்டருக்குப் போன் போட்டு வெச்சது எனக்குத் தெரியும். ஒட்டுக் கேட்டேன்."

மூன்று பேரும் ஒரே வீட்டில், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே சத்தத்தைக் காவல் காத்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அம்மா என்னை அதட்டவில்லை.

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். கோலூன்றிக் கூடத்தைச் சுற்றி நடக்கிறார். பேச்சு கொஞ்சம் குழறுகிறது, கோபம் வந்தால் மட்டும் சுத்தமாக வருகிறது. இடது கை கரண்டியைப் பிடிக்கும் அளவுக்குத் தேறியிருக்கிறது, நாடாவைப் பிடிக்காது. அந்த அரக்குச் சேலையின் மீதி ஒரு முழத்தை ஐயம்பேட்டையிலிருந்து ஒருவர் வந்து நெய்து அறுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் நெய்தபோது அப்பா கட்டிலில் சாய்ந்தபடி, "பலகைய இன்னும் இழுக்கணும்" என்று மேலேயிருந்து குறை சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா இப்போது மிக்ஸியை ஒரே மூச்சில் ஓட்டுகிறாள். சட்னி சீக்கிரம் ஆகிவிடுகிறது.

விளையாட்டும் வெளிவந்துவிட்டது. நான் கடைசிவரை தப்பு என்று எழுதிய அந்த இருமல் அப்படியே இருக்கிறது. எங்கெங்கேயோ இருக்கிற ஆட்கள் அதை ஆடிவிட்டு இணையத்தில் எழுதுகிறார்கள். பூதத்தின் பல்லைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. துப்பாக்கியைப் பற்றியும் இல்லை. எல்லாரும் அந்தக் காரிடாரைப் பற்றியே எழுதுகிறார்கள். நேற்று மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து அதையெல்லாம் போனில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி எழுதியிருக்காங்க?"

"மூணாவது காரிடார்ல சத்தம் நின்னுட்டு ஒரு இருமல் வருதாம்மா. அதக் கேட்டு ஒருத்தன் பயந்துபோயி ஹெட்போனக் கழட்டி வீசிட்டானாம்."

கட்டிலில் இருந்த அப்பா கோணல் வாயால் சிரித்தார். "என்... இருமலுக்கா?" என்றார். அவருக்கு ஒரே பெருமை.

அம்மா சிரிக்கவில்லை. உரித்த பூண்டைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"அவனாவது கழட்டி வீசிட்டான்" என்றாள்.